இரும்பும் ஆயுதமும்

கரையான்சாவடியிலிருந்து வடக்கே பிரியும் சாலை ஆவடிக்குச் செல்கிறது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பயணம் செய்வோருக்கு அது பேருந்து மாறும் ஒரு சந்திப்பு, அவ்வளவே. எனினும் அச்சாலையில் செல்லும் சிறு சரக்கு வண்டிகள் சிலவற்றில், கடைந்தெடுத்த இரும்புப் பின்களும் புஷ்களும் வளையங்களும் இருக்கின்றன. அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

1961-ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று அவ்வரிசை நீண்டது. டாங்கி எஞ்சின் செய்யும் தொழிற்சாலையும், படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும், அர்ஜுனை வடிவமைத்த ஆராய்ச்சிக் கூடமும் அதே ஊரில் உள்ளன. 2021 அக்டோபர் முதல் நாள் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசுக் கம்பெனிகளாயிற்று. கவச வாகனங்களுக்கான கம்பெனியின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது. ஒரு டாங்கிக்கு வேண்டிய எண்ணற்ற உறுப்புகள் அனைத்தையும் ஒரே தொழிற்சாலை செய்துவிட இயலாது. 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள லேத் பட்டறைகளுக்கு அவ்வேலையில் ஒரு பங்கு உண்டு. முழு ஆயுதம் செய்யும் உரிமையை 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை அரசுக்கே ஒதுக்கி வைத்திருந்தது. 2001-இல் அந்தக் கதவு தனியாருக்கும் திறக்கப்பட்டது. 2018-இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு மையம்.

இத்தொழிலில் நம்மவர்களும் இருக்கின்றனர். முதலாளிகளாக, கடைசல்காரர்களாக, கணக்கு எழுதுவோராக, இரும்பு வியாபாரிகளாக. ஆகவே நம் இல்லங்களில் எழவேண்டிய ஒரு கேள்வி உண்டு: இந்தச் சம்பாத்தியம் ஆகுமானதா? ஆகுமானது எனில், எந்த எல்லை வரை?

ஆயுதத் தொழிலே ஈமானுள்ளவருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்பவர் தாவூது நபி (அலை) அவர்களை மறந்துவிடுகிறார். அந்த நபிக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான் என்றும், போர்க்கவசம் செய்யும் கலையைக் கற்பித்தான் என்றும் அருள்மறை கூறுகின்றது. அவர்கள் தம் கையுழைப்பால் உண்டவர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். கப்பாப் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லராக இருந்தவர்கள். ஓர் அம்பினால் மூவர் சுவனம் புகுவர் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. எய்பவரும், எடுத்துக் கொடுப்பவரும், அதனைச் செய்தவரும் அம்மூவர். ஆனால் செய்தவரைக் குறிப்பிடுகையில் மட்டும் ஒரு நிபந்தனை வருகிறது. அவர் அதனைச் செய்கையில் நன்மையை நாடியிருக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொதுவாக நம் பட்டறைகளில் கேட்கும் பதில் வேறு. “நான் துப்பாக்கியா செய்கிறேன்? டிராயிங்கில் உள்ள அளவுக்குப் பின் கடைந்து கொடுக்கிறேன். இது வெறும் இரும்புதானே!” என்பர். இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. நம் முன்னோர்களான சட்ட மேதைகளே இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். குழப்பக் காலத்தில், அதாவது ஃபித்னாவின்போது, ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை இமாம் புகாரி தம் வணிகப் பகுதியில் ஓர் அத்தியாயத் தலைப்பாகவே வைத்திருக்கிறார்கள். அதே அத்தியாயத்தில் அபூ கதாதா (ரலி) அவர்களின் செய்தியும் வருகிறது. ஹிஜ்ரி 8-இல் நடந்த ஹுனைன் போரில் தமக்குக் கிடைத்த கவசத்தை விற்று அவர்கள் ஒரு தோட்டம் வாங்கினார்கள். ஆக, கவசம் விற்ற பணத்தில் தோட்டம் வாங்கலாம். ஆனால் எவரிடம் விற்கிறோம், எக்காலத்தில் விற்கிறோம் என்பது கேள்வியாகவே நிற்கும்.

ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குழப்பவாதிகளுக்கு ஆயுதத்தை விற்பது வெறுக்கத்தக்கது. ஆனால் வேலைப்பாடு செய்தாலன்றிப் போருக்குப் பயன்படாத பொருளை, அதாவது இரும்பை, விற்பதில் அந்த வெறுப்பு இல்லை என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஷாஃபிஈ நூல்களோ வாங்குபவரைப் பற்றிய நம் அறிவை அளவுகோலாகக் கொள்கின்றன. தீங்குக்குப் பயன்படுத்துவான் என்று தெரிந்தாலோ வலுவாக எண்ண இடமிருந்தாலோ அவனுக்கு விற்பது ஹராம். வெறும் ஐயமாயின் மக்ரூஹ்.

இந்த இரு அளவுகோல்களையும் நமது பின்னுக்குப் பொருத்திப் பார்ப்போம். கடையில் எவரும் வாங்கக்கூடிய போல்ட்டும் நட்டும் இரும்பு என்பதில் ஐயமில்லை. டாங்கிக்கும் போகும், மாவு மில்லுக்கும் போகும். டாங்கியின் சங்கிலித் தடத்தைக் கோர்க்கும் பின் அத்தகையதா? அதற்கென ஒரு டிராயிங் உண்டு. அதற்கென ஓர் எண் உண்டு. அந்த அளவில், அந்தக் கடினத்தில், வேறு எந்த எந்திரத்திலும் அது பொருந்தாது. ஹிதாயா குறிப்பிடும் “வேலைப்பாடு” எது? நம் பட்டறையில் நாம் செய்யும் கடைசல்தானே அது! இரும்பு ஆயுதமாக மாறும் இடம் ஆவடித் தொழிற்சாலையின் வாசலுக்கு உள்ளே இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது நமது லேத்தின் மீதே இருக்கிறது என்பது என் கருத்து. உறுப்பு சிறியதாக இருப்பதால் நமது பங்கு சிறியதாகலாம், இல்லாமற் போகாது.

இதனை ஏற்றுக்கொண்டால் இரண்டு கடமைகள் தோன்றுகின்றன. முதலாவதை எவரும் மறுக்கமாட்டார்.

தாவூது நபி (அலை) அவர்களுக்குக் கவசத் தொழில் கற்பிக்கப்பட்டபோது, வளையங்களின் அளவைச் சரியாக அமைக்குமாறும், நற்செயல் புரியுமாறும் ஒரே வசனத்தில் கட்டளை வந்தது. வளையம் தடித்தால் கவசம் சுமையாகும். மெலிந்தால் ஈட்டி உள்ளே நுழையும். இன்றைய அர்ஜுனில் நால்வர் அமர்கின்றனர். அதன் சங்கிலித் தடமும் கண்ணிகளைப் பின்னால் கோர்த்ததே. ஒரு பின் முறிந்தால் போர்க்களத்தின் நடுவே அந்த நால்வரும் அசைய முடியாமல் நிற்பர். இதில் ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்பதைத் தொழிலறிந்தவர் அறிவர். இ.என். 24 எஃகு கேட்ட இடத்தில் விலை குறைந்த இ.என். 8-ஐக் கடைந்து வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உலையில் வைத்துப் பதப்படுத்தும் நேரத்தைக் குறைத்தால் மைக்ரோமீட்டர் அதைக் காட்டாது. சோதனைச் சான்றிதழ் என்பது முடிவில் ஒரு தாள்தான். விலை குறைத்துக் கேட்டவருக்கே ஆர்டர் என்னும் டெண்டர் முறையும் இந்தச் சபலத்தை வளர்க்கிறது.

1986 மார்ச்சில் 410 போஃபர்ஸ் பீரங்கிகளை வாங்க 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. தரகுப் பணம் கைமாறியதாக மறு ஆண்டு சுவீடன் வானொலி அறிவித்தது. வழக்கு பல்லாண்டு நீண்டும் குற்றம் எவர் மீதும் நிலைநாட்டப்படவில்லை. பீரங்கியோ 1999-இல் கார்கிலில் நன்றாகவே சுட்டது. அந்தப் பீரங்கியின் வடிவத்தை அடியொற்றி ஜபல்பூரில் தனுஷ் பீரங்கி செய்யப்பட்டபோது, ஜெர்மன் தயாரிப்பு என்ற முத்திரையுடன் சீனத் தயாரிப்பான பேரிங்குகள் கொடுக்கப்பட்டதாக 2017-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. போஃபர்ஸ் என்றால் நாடு கொதித்தது. பேரிங் செய்தியோ செய்தித்தாளோடு பழையதாகிவிட்டது. பீரங்கியை இயக்கும் சிப்பாய்க்கு எது பெரிய துரோகம் என்று கேட்டால், நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்லும் விடையை அவன் சொல்லமாட்டான் என்றே நினைக்கிறேன்.

பரிசோதனைக்கு வருபவருக்குப் பண்டிகைக் காலத்தில் செல்லும் “அன்பளிப்பு” பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. ஜகாத் வசூலிக்கச் சென்றவர் ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று கூறியபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி போதும். அரசும் பெரிய கம்பெனிகளும் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. சிறுதொழில்களுக்கான பணத்தை 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று மார்க்கம் சொல்கிறது. பில் தேங்கும்போதுதான் நம் பட்டறைக்காரர் வட்டிக்கடையின் படியேறுகிறார்.

இரண்டாவது கடமையே கடினமானது: செய்த பொருள் எங்கே செல்கிறது என்று கேட்பது.

1954-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுத உதவி செய்தது. கம்யூனிசத்தைத் தடுக்கவே என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. 1965 செப்டம்பரில் அவ்வாறு வந்த பாட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கேம்கரண் வயல்களில் உருண்டு வந்தன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் அவற்றை எதிர்த்து நின்று, பல டாங்கிகளை அழித்து, அங்கேயே உயிர் நீத்தார் ஹவில்தார் அப்துல் ஹமீத். பரம்வீர் சக்கரம் பெற்ற அவர் ஒரு தையற்காரரின் மைந்தர். அவர் கையிலிருந்த பீரங்கியும் அமெரிக்க வடிவமைப்பே என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. டெட்ராய்ட்டில் டாங்கிக்கு உறுப்பு கடைந்த தொழிலாளி, இந்திய உழவரின் கரும்பு வயலை நினைத்தா கடைந்திருப்பான்? விற்கும்போது சொல்லப்படும் காரணம் ஒன்று. அம்பு போய்த் தைக்கும் இடம் வேறு.

நம் நாட்டுப் படைக்கென்று செய்வதில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. எல்லையைக் காப்பது நம் அனைவரின் கடன். டிராயிங்கைப் பற்றி வெளியே பேசாதிருப்பதும் அமானிதமே. நிலைமை மாறிவருவது ஏற்றுமதியில். 2013-14-இல் 686 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் இராணுவத் தளவாட ஏற்றுமதி 2024-25-இல் 23,622 கோடியாயிற்று. அதில் பெரும்பங்கு தனியார் கம்பெனிகளுடையது. காஸாவில் போர் நடக்கையில் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரிய மனுவை, வெளியுறவுக் கொள்கையில் தலையிட இயலாது என்று கூறி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்திற்கு அது எல்லையாக இருக்கலாம். பட்டறைக்காரரின் மனச்சாட்சிக்கும் அதுவே எல்லை என்று கொள்ள முடியாது. வாங்குபவர் ஒரு பெரிய கம்பெனி. அவருக்குப் பின்னால் இருப்பவர் எவர் என்று தெரியவில்லை. ஷாஃபிஈ அறிஞர்களின் கணக்கில் இது ஐயம். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் சில ஆர்டர்களில் அந்த ஐயம் வலுவான எண்ணமாக மாறிவிடும். தெரியாது என்பது, கேட்டும் தெரியவராதவரின் சமாதானம். தெரிந்துவிடுமோ என்று கேளாதிருப்பவர் அதனைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலோ பள்ளிவாசலிலோ அம்புகளுடன் நடப்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று பணித்தார்கள். அவர் எவரையும் குத்த நினைக்கவில்லை. இருந்தும் முனையைப் பிடிக்கும் பொறுப்பு எடுத்துச் செல்பவருடையது. எதிரே வருபவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்படவில்லை.

கேள்வி கேட்பவரின் பெயர் முஸ்லிம் பெயராயின் அது வேறுவிதமாகக் கொள்ளப்படுமோ என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. ஆதலால் இதனை வாதமாக்காமல் வியாபார நிபந்தனையாக்குவதே நல்லது. விலை கொடுக்கும்போதே, பணம் எத்தனை நாளில் என்று கேட்கும் அதே கடிதத்தில், இது உள்நாட்டுப் படைக்கா, ஏற்றுமதிக்கா, ஏற்றுமதியாயின் எந்நாட்டிற்கு என்றும் எழுதிக் கேட்கலாம். எல்லாக் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் அது அரசியலாகும். விடை வராத இடத்தில் அந்த ஆர்டரை விட்டுவிட நேரலாம். எந்திரத்தின் தவணை நிற்கும். சனிக்கிழமைக் கூலி நிற்கும். நாம் செய்யாவிட்டால் அடுத்த தெருவில் ஒருவர் செய்துவிடுவார் என்பதும் உண்மை. அந்த உண்மை மதுக்கடைக்கும் பொருந்தும். நாம் மதுக்கடை வைப்பதில்லை.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேத்தில் நிற்கும் இளைஞனைப் பற்றியும் ஒரு சொல். அவனுக்குக் கொடுக்கப்படுவது டிராயிங்கின் ஒரு பகுதி. அது எதன் உறுப்பு என்று கேட்டால் “அளவைப் பார்” என்பதே விடை. இரகசியச் சட்டம் தடுக்காத இடத்திலேனும் முதலாளி தாம் அறிந்ததை அவனுக்குச் சொல்லலாம். அவனும் அந்த அம்பைச் செய்பவரில் ஒருவனே. அவனுக்கும் நாட்டம் என்று ஒன்று உண்டு. இந்த வேலை வேண்டாம் என்று அவன் சொன்னால் அன்றைக்கு அவனிடம் வேறு டிராயிங்கைக் கொடுத்துவிடலாம். மோட்டார் உறுப்புகளோ பம்பு உறுப்புகளோ கடையாத பட்டறை அம்பத்தூரில் அரிது.