வண்ணப்படம் எடுக்கும் முன்

கணக்கு வெடித்துவிட்டதா, தம்பிகளே, தங்கைகளே? ரெசிடுவல் கோடுகள் எகிறி, சால்வர் பாதியில் நின்றுவிட்டதா? விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள். முதல்வரிசை அப்விண்ட் முறைக்கு மாற்றி, எப்படியோ ஓடவைத்து, விடிவதற்குள் வண்ணப்படத்தை அறிக்கையில் ஒட்டிவிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஒரு புகைபோக்கி. அதற்குப் பக்கத்தில் மருத்துவமனை. அதன் காற்று உறிஞ்சும் வாய்க்கு எவ்வளவு புகை போய்ச் சேரும் என்பதே உங்களிடம் கேட்ட கேள்வி. கட்டடங்கள் கோணல்மாணலாக இருப்பதால் நான்முகி அறைகளால் ஆன ஒழுங்கற்ற வலை போட்டிருக்கிறீர்கள். முதல்வரிசை அப்விண்ட், காற்றில் இல்லாத ஒரு பிசுக்குமையைத் தானாகச் சேர்க்கும். அதன் அளவு ஏறக்குறைய வேகத்தையும் அறையின் நீளத்தையும் பெருக்கியதில் பாதி. காற்று நொடிக்கு 5 மீட்டர், அறை 1 மீட்டர் என்றால் நொடிக்கு 2.5 சதுர மீட்டர். காற்றின் சொந்தப் பிசுக்குமையோ 0.000015தான்! தரைக்கு அருகே கொந்தளிப்பு செய்யும் கலப்புக்கே இது போட்டி. நான்முகி வலையில் காற்று அறை முகங்களைச் சாய்வாகவே கடப்பதால் புகை பக்கவாட்டிலும் பரவும். உச்சச் செறிவு தணிந்துவிடும். நீங்கள் 'ஆபத்தில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். மூச்சு முட்டப்போவது நோயாளிக்கு.

அதற்காகச் சாதாரண இரண்டாம்வரிசை முறைக்குத் தாவினால், செறிவு அங்கங்கே சுழிக்குக் கீழே போகும். அதை வெட்டிச் சுழியாக்குவதும் பொய்க்கணக்கே. இல்லாத புகையை நீங்களே உண்டாக்குகிறீர்கள். புதிய ஏற்ற இறக்கங்களை உண்டாக்காத எந்த நேரியல் முறையும் முதல்வரிசைத் துல்லியத்தைத் தாண்டாது என்று கொடுனோவ் 1959இலேயே நிறுவிவிட்டார். ஆகவே தீர்வுக்கேற்பச் சரிவை அடக்கும் லிமிட்டர் வேண்டும். ஒழுங்கற்ற வலைக்கென்றே பார்த், யெஸ்பர்சன் இருவரும் 1989இல் ஒன்றைத் தந்தார்கள். அதில் கணக்கு ஒடுங்காமல் இழுத்தடிப்பது உண்மைதான். அந்தத் தொல்லையைத் தணிக்க வெங்கடகிருஷ்ணன் 1990களில் வழி சொன்னார். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் எதற்கு?

எல்லாவற்றுக்கும் முன் வலையைப் பாருங்கள். இரு அறை மையங்களை இணைக்கும் கோடு முகத்தின் செங்குத்திலிருந்து 70 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறதா? அந்த இடத்தைத் திருத்துங்கள். நேரடி முறையில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒரேயொரு ஒல்லி அறை போதும், காலப்படி மொத்தமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கூரண்ட், பிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் சொன்னதை எந்தக் கணினியும் மீற முடியாது.

பிறகு மூன்று வலைகளில் ஓட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று எழுதுங்கள். எண்பிழையைப் பற்றிப் பேசாத கட்டுரையை ஏற்கமாட்டோம் என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்ம இதழ் 1986இலேயே அறிவித்தது. ஒற்றை வலையில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இன்றும் கட்டட அனுமதி கேட்பது வெட்கக்கேடு.

நாளை காலை அனுப்ப வேண்டிய அறிக்கையா? இப்போதே போன் செய்து, தாமதமாகும் என்று சொல்லிவிடுங்கள். அறிக்கை கேட்டவர் அதற்கு ஒப்பாமல் அவசரப்படுத்தினால், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: 'முதல்வரிசை முறை, ஒரே வலை, உச்சச் செறிவு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.'