இரு பெட்டிகளும் ஒரு சுரமும்

தம்முள் வேறான உள்ளமும் உடலும் எவ்வாறு இசைந்து நடக்கின்றன என்ற கேள்வி, டெக்கார்ட்டுக்குப் பின் வந்த ஐரோப்பிய மெய்யியலாரை நெடுநாள் வாட்டியது. லைப்னிட்ஸ் 1696இல் இதை இரு கடிகாரங்களைக் கொண்டு விளக்கினார். அவை ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமானால், ஒன்று மற்றொன்றை இயக்க வேண்டும், அல்லது ஒருவர் ஓயாமல் இரண்டையும் திருத்த வேண்டும், அல்லது பிசகாதவாறு தொடக்கத்திலேயே அவை செய்யப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் வழியையே அவர் ஏற்றார். அதற்கு 'முன்னமைந்த இசைவு' என்று பெயர்.

இக்கேள்வியைக் கண்ணெதிரே நிறுத்திக் காட்டும் களம் இன்று கணினியில் உண்டு. மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய பியூர் டேட்டா, திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்தே ஒலிநிரல்களை ஆக்கும் காட்சிவழி நிரலாக்கச் சூழலாகும். அதில் ஓர் எண்பெட்டி ஒரு சுரத்தை மிடி எண்ணாலும், அதாவது சுரங்களுக்கு வரிசையாக இட்ட எண்ணாலும், மற்றொன்று அதே சுரத்தை ஹெர்ட்ஸாலும், அதாவது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவாலும் காட்டுமாறு அமைக்கலாம். முதலதில் 69 எனில் அடுத்ததில் 440. இடையே ஓர் அளவை மற்றதாக மாற்றும் பெட்டிகளை வைத்து இரண்டையும் இருபுறமும் இணைத்துவிட்டால், 69 சென்று 440ஐ எழுப்ப, 440 திரும்பி 69ஐ எழுப்ப, முடிவற்ற சுழல் உண்டாகிப் பிழைச்செய்தியில் முடிகிறது. இதற்குத் தீர்வு 'செட்' என்னும் செய்தி: அதைப் பெறும் பெட்டி, மதிப்பை ஏற்றுத் தன் முகத்தில் காட்டுமேயன்றி, வெளியே அனுப்பாது.

இச்சிறு ஏற்பாட்டில் ஆழ்ந்த வேறுபாடு ஒன்று அடங்கியுள்ளது. அறிவிப்பு வேறு, ஏவல் வேறு. பெறுவதையெல்லாம் ஏவலாகக் கொள்ளும் இரண்டு பொருள்கள் இசைய முடியாமல் சுழலவே செய்யும். முன்னமைந்த இசைவிலோ இரு பெட்டிகளின் மதிப்புகளும் முன்பே எழுதப்பட்டிருக்குமாதலால், புதிதாகத் தொடும் விரலுக்கு அங்கே வேலையில்லை. 1677இல் வெளிவந்த 'அறவியல்' நூலில் ஸ்பினோசா காட்டிய வழி வேறு: உள்ளமும் உடலும் ஒரே பொருளின் இரு வெளிப்பாடுகள். 69உம் 440உம் ஒன்றையொன்று படைக்கவில்லை. செவியில் விழும் ஒரு சுரத்தையே இரு மொழிகளில் அவை சொல்கின்றன.

உள்ளத்தின் இயல்பை இந்நிரல் மெய்ப்பித்துவிடாது. எனினும், இசைவுக்கு வேண்டுவது வலிமையான பிணைப்பு அன்று, பெற்றதை எங்கே நிறுத்துவது என்ற தெளிவே என்பதை அது ஐயமறக் காட்டுகிறது.