மூச்சை யாருக்காக அடக்குவது?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சுப்பயிற்சி கற்றுத்தரலாமா என்று கேட்டால் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. காசு பணம் செலவில்லாத காரியம். பிரேயர் முடிந்ததும் ஐந்து நிமிஷம், பரீட்சைக்கு முன்னால் ஐந்து நிமிஷம். ஐ.நா. சபை 2014 டிசம்பரில் யோகா நாளை அறிவித்தது. 2015 முதல் ஜூன் 21 வந்தால் பள்ளி மைதானங்களில் ஜமக்காளம் விரிக்கிறார்கள். இதிலுள்ள இந்துத்துவ அரசியலைப் பற்றித் தோழர்கள் நிறையவே எழுதியாயிற்று, நான் அதற்குள் போகவில்லை. என்னுடைய கேள்வி சின்னது. அநியாயத்துக்கு ஆளாகிக் கொதித்துப்போய் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, 'மூச்ச நல்லா இழுத்து விடு, எல்லாம் சரியாப் போயிரும்' என்று சொல்வது அவனுக்குச் செய்கிற உதவியா, அநியாயத்துக்குச் செய்கிற உதவியா?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூச்சுப்பயிற்சி பொய்யல்ல. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கிறது, வெளியே விடும்போது தணிகிறது. வெளிமூச்சை நீட்டி, நிமிஷத்துக்கு ஆறு தடவை என்கிற அளவுக்கு மெதுவாக்கினால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை கூடிப் படபடப்பு அடங்குகிறது. இதில் மந்திரமும் இல்லை, மதமும் இல்லை. சூரமங்கலத்தில் ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு தெருவில் நாங்கள் நடத்துகிற மாலை வகுப்பில் நானே இதைச் செய்யவைக்கிறேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் கை நடுங்குகிற பிள்ளைக்கு அது பலன் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் 80க்கு மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. மூச்சைக் கவனிப்பது முதலான மனப்பயிற்சிகளைப் பாடமாகவே வைத்துப் பார்த்தும், வழக்கமான வகுப்பில் இருந்த பிள்ளைகளைவிட இவர்களுடைய மனநலம் மேம்பட்டுவிடவில்லை. பரீட்சை பயத்துக்கு ஒரு கைவைத்தியம், அவ்வளவுதான்.

எங்களிடம் வருகிற பிள்ளைகள் எந்தக் காற்றைக் குடித்து வளர்கிறவர்கள் என்பதையும் சொல்லணும். கொஞ்சம் தள்ளிப்போனால் வெள்ளைக்கல் சுரங்கம். மேக்னசைட் என்று அதன் பேரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருடைய பாட்டன் பாட்டிகள் அந்தக் கல்லை உடைத்துத் தூளை மூச்சோடு இழுத்தவர்கள். இன்னும் சில வீடுகளில் சாக்கடை வேலை. ஒரு நாள் மூச்சை இழுத்து நாலு எண்ணும்வரை அடக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் முப்பது எண்ணியும் விடவில்லை. 'டேய் கண்ணு, போதும் விடுடா' என்றேன். விட்டுவிட்டுச் சிரித்தான். 'எங்கப்பா இதவிட நெறைய நேரம் புடிப்பாருக்கா. குழிக்குள்ள மூச்சப் புடிச்சிக்கிட்டுதான் எறங்குவாரு. அவருதான் சொல்லிக்குடுத்தாரு.'

அன்றைக்கு வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன். பாதுகாப்பில்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூச்சை அடக்குவது யோகமா? அது சாதி கொடுத்த தொழிற்கல்வி.

நம் சனங்களின் மூச்சோடு சாதிக்கு எப்பவும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கிணற்றைத் தடுக்க முடிந்தது, குளத்தைத் தடுக்க முடிந்தது. அம்பேத்கர் படித்த பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். இதே சேலம் மாவட்டத்தில் 1995இல் ஒரு தலித் சிறுமி பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியரிடம் அடிபட்டு ஒரு கண்ணில் பார்வையை இழந்தாள். தண்ணீரை இப்படிப் பங்கு பிரிக்க முடிந்தவர்களால் காற்றைப் பங்கு பிரிக்க முடியவில்லை. அதனால் நம் வாயைப் பொத்தச் சொன்னார்கள். கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! பண்ணையாருக்கு முன்னால் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துப் பேசியது மரியாதைக்காக மட்டுமில்லை, நம்ம மூச்சு அவர்மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

அவர்களுடைய பிராணாயாமம் சந்தியாவந்தனத்தின் ஓர் அங்கம். பூணூல் போட்டவனுக்குத்தான் அது. இப்போது அதையே எல்லாருக்கும் பொது என்று தருகிறபோது சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு அவர்களோட சொத்து கிடையாது. சித்தர்கள் அதை வாசி என்றார்கள். புத்தர் சொன்ன ஆனாபானசதியில் அடக்குகிற வேலையே இல்லை. நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகிய மூச்சைக் குறுகியது என்றும் உள்ளபடி அறிவதுதான் பயிற்சி. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசரின் வழியில் வருகிற நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அறிவது வேறு, அடக்குவது வேறு.

எங்கள் வகுப்புக்கு வருகிற எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தண்ணீர் பாட்டிலைத் தொட்டதற்காகக் கூடப் படிக்கிறவன் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறான். இவன் அடித்துவிட்டான். ரெண்டு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கண்ணை மூடிப் பத்துத் தடவை மூச்சை இழுத்துவிடச் சொல்லி, கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். திட்டிய வார்த்தை எந்த நோட்டிலும் ஏறவில்லை. விசாரிக்கப்போன அம்மாவிடம், 'சமாதானம் பண்ணிட்டோம்மா, பசங்க அமைதியாயிட்டாங்க' என்று பதில். பையன் என்னிடம் சொன்னான்: 'மூச்சு வுட்டேன்க்கா. ஆனா அவன் சொன்னது போவல.'

ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி. பார்க்கச் சமத்துவம் மாதிரியே இருக்கிறது. அந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவனைக் கேட்டிருக்க வேண்டும். இவனுடைய படபடப்பு நோயல்ல, நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம். மனநல மருத்துவரான ஃபிரான்ஸ் ஃபனான் 1956இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனை வேலையை ராஜினாமா செய்தபோது சொன்ன காரணம் ஏறக்குறைய இதுதான். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்தச் சூழலோடு பொருந்திப்போகச் செய்வது எப்படி வைத்தியமாகும் என்பது அவர் கேள்வி.

என் தோழி ஒருத்தி ஆசிரியை. இதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாள். 'பதிமூணு வயசுப் புள்ளைக்குக் கோவத்த ஊட்டி வளத்து அவனப் பலி குடுக்கச் சொல்றியா? நாங்குநேரியில என்னாச்சு?' நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்ன தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிறு, நெற்றித்திலகம், பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கிற சாதி என்று நிறையச் சொல்லியிருக்கிறது. வாய் திறந்தால் விலை உண்டு என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால் தோழிக்கு என் பதில், மூச்சுப்பயிற்சி வேண்டாம் என்பதல்ல. முதலில் பிள்ளை நடந்ததைச் சொல்லட்டும். பெரியவர்கள் அதை எழுதி வாங்கட்டும். அவனுக்குக் காவலாக நாம் நிற்கணும். அதுக்கப்புறம் மூச்சு விடச் சொல்லலாம்.

அந்தப் பையனும் அவன் அம்மாவும் நானும் மனுவோடு மேலதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனோம். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் வராந்தாவில் நின்று, யாரும் சொல்லாமலே அவன் நாலைந்து தடவை மூச்சை நீட்டி விட்டான். உள்ளே போய்க் கையைக் கட்டாமல் நின்று, அந்த வார்த்தை உட்பட எல்லாவற்றையும் சொன்னான். மனுவுக்கு ரசீது கேட்டோம். தயங்கித்தான் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.