ஊரின் உரிமையும் அரசின் கடமையும்



தன் முற்றத்தைத் தானே கூட்ட ஓர் ஊருக்கு உரிமையுண்டா? இதிலென்ன ஐயம் என்பீர்கள். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள லரேடோ, ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைநகர். அதன் குடிநீரும் அந்த ஆற்றிலிருந்தே வருகிறது. கடைகளில் கொடுக்கும் பிளாஸ்ரிக் பைகள் வடிகால்களை அடைக்கவே, 2014இல் நகரசபை அவற்றைத் தடைசெய்தது. வணிகர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2018 யூன் மாதம் நீதிமன்றம் அத்தடை செல்லாதெனத் தீர்த்தது. தடை நல்லதா என்பதை நீதிபதிகள் ஆராயவில்லை. குப்பையைக் கட்டுப்படுத்தவென உள்ளூராட்சிகள் தாமாகப் பொதிகளையும் கொள்கலன்களையும் தடைசெய்யலாகாது என்னும் மாநிலச் சட்டத்தையே எடுத்துக்காட்டினர்.

வணிகர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊருக்கொரு விதியென்றால் பல ஊர்களில் கடை நடத்துபவர் திண்டாடுவார். மேலும், ஊர் விரும்பியதெல்லாம் அறமாகிவிடாது. ஓர் ஊர் எளியோரை ஒடுக்கினால், மேலிருக்கும் அரசு தடுத்தேயாக வேண்டும்.

அப்படியாயின் அளவுகோல் எது? சிறிய சமூகம் செவ்வனே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறிப்பது அநீதி. பெரியது சிறியதற்குத் துணைநிற்கவே உள்ளது என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் போதித்தார். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: அதிகாரத்தைத் தன்னிடம் எடுத்துக்கொள்பவர், அதனோடு சேர்ந்த கடமையையும் ஏற்கவேண்டும்.

கலிபோர்னியாவில் 2014இல் மாநிலமே பைகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2016இல் மக்கள் வாக்களித்து அதனை உறுதிசெய்தனர். அங்கே மேலதிகாரம் சுமையைத் தோளில் ஏற்றது. டெக்சாஸிலோ நகரின் கை கட்டப்பட்டது. மாநிலமெங்கும் செல்லும் தடையெதுவும் அதற்கீடாக வரவில்லை. அடைபட்ட வடிகால் மட்டும் நகரத்தின் பொறுப்பாகவே எஞ்சியது. சட்டப்படி அது சரியாகலாம். நீதியென்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சமூகங்களுள் மிகச் சிறியது குடும்பம். சந்தைக்கு உமலோ துணிப்பையோ கொண்டுசெல்வதை எந்த நீதிமன்றமும் தடுக்கப்போவதில்லை. பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்பது போன்ற சிறு செயலிலும் அன்பு விளங்குமென மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் உணர்த்தினார். அரசு சட்டம் இயற்றட்டுமென்று நாம் காத்திருந்தால், நமக்குரிய கடமையை நாமே மேலே தள்ளிவிடுகிறோம். உரிமையைப் பறிகொடுப்பது துன்பம். கையிலிருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதோ நம் குற்றம்.