இடது மரை

பழைய பொருள் ஒன்றைப் பழுது பார்க்கிறவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? அதைச் செய்தவனுக்கா, இன்று வைத்திருப்பவனுக்கா?

தத்துவக்காரர்கள் இதற்கு ஒரு கப்பலை உதாரணம் காட்டுவார்கள். தீசியஸ் என்ற கிரேக்க வீரனின் கப்பலை ஆதென்ஸ் நகரத்தார் போற்றிப் பாதுகாத்து வந்தார்களாம். மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே போனார்களாம். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதாடியதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். சாய்வு நாற்காலிக்கு ஏற்ற வாதம். அதனால்தான் இன்னும் ஓயவில்லை. அந்தக் கப்பலில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டியவனைப் பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு இந்தக் கவலை வந்தது ஒரு லாரியால். நண்பர் ஒருவர் பழைய பார்கோ லாரி ஒன்றை வாங்கி, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் நிறுத்தியிருந்தார். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை, அமெரிக்கக் கிறைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வெளியிட்ட வண்டி அது. டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயர்களில் விற்றார்கள். முகப்பிலுள்ள பெயரை மறைத்துவிட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. நண்பர் அதில் பாரம் ஏற்றப்போவதில்லை. பழைய வண்டிகளின் அணிவகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முன் சக்கரங்களைக் கழற்றியபோது சங்கதி வெளிவந்தது. வலப்பக்கத்து பிரேக் டிரம் ஒரு ஜாதி, இடப்பக்கத்து டிரம் வேறு ஜாதி. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; பழகிய டிரைவர் அதற்கு எதிராக ஸ்டியரிங்கைச் சற்றுப் பிடித்துக்கொள்வான். (எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.) பேரிங்கிலே உருளைகளோடு கூடிய உள் வளையம் புதிது, அது உட்காரும் வெளி வளையமோ தேய்ந்துபோன பழசு. ஜோடியாக மாற்ற வேண்டியதைப் பாதி மாற்றிவிட்டு யாரோ கிரீஸ் பூசி மூடியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் இடப்பக்கத்து ஸ்டட்டுகள். சைக்கிளில் இடது பெடலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இடது மரை என்றால் என்ன என்று தெரியும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் தோன்றியது. இந்த வட்டாரத்துப் பையன்களுக்கு இது கைப்பாடம். எல்லோரும் இறுக்குகிற திசையில் திருகினால் அது கழலும். கழற்றுகிற திசையில் திருகினால் இறுகும். முன்னோக்கி உருளும் சக்கரம் தன் நட்டைத் தானே தளர்த்திவிடக் கூடாது என்பதற்காக, கிறைஸ்லர் வண்டிகளின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இப்படி வைத்தார்கள். நம்முடைய சக்கரத்தில் இரண்டு ஸ்டட்டுகள் மட்டும் சாதாரண வலது மரை. மற்றவை இடது மரை. எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகக் கெட்டியான பெயின்ட்!

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? வழியில் டயர் மாற்ற இறங்குகிறவன் ஒரு நட்டைத் திருப்புவான், கழலும். அடுத்தது கழலாது. ஸ்பானருக்குப் பைப்பைச் சொருகி ஏறி மிதிப்பான். அவன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பான், ஸ்டட் முறியும். முறியாமல் பாதி விண்டு நின்றால் இன்னும் கேடு.

நண்பருக்குக் கோபம் தாங்கவில்லை. "இதைச் செய்தவனுக்கே மரை கழன்றிருக்க வேண்டும்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் மேஸ்திரி. "லோடோட நடு ரோட்ல நின்னிருப்பான். கைக்குக் கிடைச்சதைப் போட்டு அனுப்பியிருக்கான்."

மேஸ்திரி பக்கமே நான். பக்கத்துப் பாடியில் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் தொழிற்சாலைகள் வந்ததே 1960-ஐ ஒட்டித்தான். அதற்குச் சற்று முன்பு, 1957-58-ல், அந்நியச் செலாவணி நெருக்கடி. அமெரிக்க ஸ்டட்டுக்கு இறக்குமதி லைசென்ஸ் கேட்டு எந்த லாரிக்காரன் காத்திருப்பான்? புதுப்பேட்டையில் கிடைத்ததை வாங்கி மாட்டினான். பொருந்தாததைப் பொருத்துவது பாவமானால் இந்த நாட்டில் ஒரு பட்டறையும் மோட்சம் போகாது. ஆனால் இங்கே இரண்டு மட்டும் வேறு என்று ஒரு கோடு கிழித்துவைக்க லைசென்ஸ் வேண்டாமே? மேஸ்திரி பெயின்ட்டைச் சுரண்டினார். இடது மரை ஸ்டட்டுகளின் முனையில் கம்பெனிக்காரன் பொறித்த 'எல்' என்ற எழுத்து தெரிந்தது. ஒருவேளை மாட்டியவனும் குறி வைத்திருந்து, விற்க வந்தவன் பூசி மறைத்தானோ என்னவோ. வறுமையில் செய்ததை நான் மன்னிப்பேன்; அந்தப் பூச்சை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

திருக்கோடிக்காவல் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கல்லால் புதுப்பித்தார். பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அதோடு விடவில்லை. இவை பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்பதையும் சேர்த்தே வெட்டச் செய்தார். அசல் போலவே விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்க வருகிற, முகமறியாத ஒருவனை அந்த அம்மையார் கணக்கில் வைத்திருந்தார். பிற்காலத்துத் திருப்பணிகளிலோ, எழுத்துள்ள கல்லைத் தலைகீழாகப் பதித்துச் சுண்ணாம்பும் அடித்த இடங்கள் எத்தனையோ!

லாரிக்கு வருவோம். இனி என்ன செய்வது என்பதிலும் இரண்டு கட்சி. எல்லாவற்றையும் வலது மரையாக்கிவிடலாம் என்பது மேஸ்திரியின் கட்சி: நாளைக்குக் கழற்றப்போகிற பையனுக்கு இடது மரையே தெரியாது, கிறைஸ்லரே பின்னாளில் தன் கார்களில் அதைக் கைவிட்டுவிட்டான். அசல் எப்படியோ அப்படியே வேண்டும் என்பது நண்பரின் கட்சி. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. ஒரே சக்கரத்தில் இரண்டும் கலந்திருக்கக் கூடாது. கடைசியில் நண்பர் ஜெயித்தார். இரண்டு இடது மரை ஸ்டட்டுகளை லேத்தில் கடைந்து வாங்கினார்கள். டிரம்மும் பேரிங்கும் ஜோடியாகவே மாறின.

மேஸ்திரி புது ஸ்டட்டுகளிலும் 'எல்' பொறித்தார். அது போதாது என்று, சக்கரத்தின் நடுவில் வெள்ளைப் பெயின்ட்டால் 'இடது மரை' என்று தமிழில் எழுதினார். கம்பெனி வண்டியில் இப்படி எழுத்து கிடையாதே, பார்வையிடுகிறவர்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்களே என்று நண்பருக்குக் கவலை.

"குறைக்கட்டுமே" என்றேன்.

மேஸ்திரி பெயின்ட் டப்பாவை மூடிவிட்டுப் போய்விட்டார். நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.