முதலில் தண்ணீர் குடியுங்கள்



வருகிற ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறுகிறது. பாதயாத்திரைக்காகக் காவி உடுத்தியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாதா சுரூபத்தை வைத்து இழுத்துப்போகும் சிறு தேருக்கு சோடனையும் முடிந்துவிட்டது. ஜெபமாலை, தைலம், மாற்றுத்துணி, டார்ச் லைட் எல்லாம் பைக்குள் போய்விட்டன. தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும், “வழியில பாத்துக்கலாம் சாமி” என்கிறீர்கள். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். கோயிலில் பேசுகிற பேச்சா இது என்று யாரும் எண்ண வேண்டாம். வேதாகமத்திலேயே இருக்கிற பேச்சுதான்.

அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அரசி ஈசபேலுக்குப் பயந்து எலியா ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளனை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் முழுக்கத் தனியாக நடக்கிறார். கடைசியில் ஒரு சூரைச் செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டுத் தூங்கிப்போகிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய இறைவாக்கினர் அவர். அவருக்கு ஆண்டவர் அனுப்பிய பதில் என்ன? கண்டிப்பா, போதனையா? இரண்டும் இல்லை. தலைமாட்டில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. தூதர் தட்டி எழுப்பினார். எலியா சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். போகவேண்டிய வழி நெடுந்தூரம் என்பது அவருக்குத் தெரியும். ஒரேபு மலையில் எலியாவிடம் ஆண்டவர் மெல்லிய குரலில் பேசியது நாற்பது நாள் கழித்து. பேச்சுக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது.

ஆண்டவர் இவ்வளவு கவலைப்படுகிற உடம்பை, நாம் ஏன் பகையாளியைப் போல நடத்துகிறோம்?

இங்கே சிலர், அடுத்த தங்குமிடம் போய்ச் சேரும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் பக்தியை நான் மதிக்கிறேன். அந்தக் காலத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். நம் பாட்டிமார் பலர் அப்படி வளர்ந்தவர்கள். ஆனால் 1953-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தண்ணீர் நற்கருணை நோன்பை முறிக்காது என்று அறிவித்துவிட்டார். இன்றுவரை திருச்சபையின் சட்டம் அதுதான். திவ்விய நற்கருணைக்கு முன்பே தண்ணீரை அனுமதிக்கிற தாய்த் திருச்சபை, ஆகஸ்ட் வெயிலில் தார்ச்சாலையில் நடக்கிற பிள்ளைகளுக்கா மறுக்கும்? அப்படி நேர்ந்துகொண்டவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். மாதா வருத்தப்படமாட்டாள்.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். வளர்ந்த ஒருவர் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் வேகமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒன்றேகால் லிட்டர் இழந்தாலே, எடையில் இரண்டு சதவீதம் போய்விட்டது. அந்த அளவிலேயே நடையின் தெம்பு குறையத் தொடங்குகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான் என்பது நமக்குத் தெரிந்ததே. உடம்பிலும் அப்படித்தான். ரத்தத்தில் நீர் குறையும்போது, தோலுக்கு வரும் ஓட்டத்தை உடல் குறைத்துக்கொள்கிறது. வியர்வையும் குறைகிறது, உள்ளே சூடு தங்கிவிடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. திருவாரூர் தாண்டிக் கீழ்வேளூர் நெருங்கும்போது கடல் ஈரத்தில் வியர்வை காயவும் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

தலை வலிக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மனமும் கசந்துபோகும். மூன்றாம் நாள் யாத்திரையில் கூட வருகிறவரோடு காரணமில்லாமல் சண்டை வருகிறதா? ஜெபமாலையில் மனம் நிற்காமல் ஓடுகிறதா? என் பக்தி வற்றிவிட்டதே என்று உடனே கலங்காதீர்கள். முதலில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். சாகக் கேட்ட எலியாவுக்கே ஆண்டவர் அப்படித்தான் செய்தார்.

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் குடித்துவிடுங்கள். நடக்கும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் நல்லது, அடர்ந்த மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே, வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். “தாகமே எடுக்கல சாமி” என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். பயந்துகொண்டு குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், அதுவே உயிருக்கு ஆபத்தாகும். அதனால்தான் உப்புப் போட்ட மோர், நீராகாரம் என்று நம் வீட்டுப் பெண்கள் கொடுத்துவந்தார்கள். யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் புகட்டிவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் கொடுக்கிறோமே, அதன் கதையில் பெரிய இரக்கம் இருக்கிறது. 1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, குழாய் வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். குளுக்கோஸ் கூட வந்தால் குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். அங்கே நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தது, நான்குக்கும் கீழே வந்தது. தரையில் கிடந்த பிள்ளையின் வாயருகே குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது ஒரு தாயோ அண்ணனோதான். சின்னஞ்சிறியவர்களுக்குக் கொடுத்த ஒரு குவளைக் குளிர்ந்த நீருக்குக்கூடக் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் சொன்னது, அந்த முகாமில் நடந்ததற்குப் பொருந்தாதா?

சகோதரிகளே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். யாத்திரையில் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பக்தி அல்ல என்று எனக்குத் தெரியும். ஒதுங்க இடமில்லை. காலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திவிட்டு, உதடு வெடிக்க வெடிக்க இருட்டும் வரை நடக்கிறீர்கள். யாத்திரையில் மட்டுமா? துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணும், சித்தாள் வேலைக்குப் போகும் தாயும், நடவு வயலில் குனிந்து நிற்கும் அக்காவும் இப்படித்தான் ஆண்டு முழுவதும் தாகத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைத்தான் தேடி வருகின்றன. ஒரு பெண் தண்ணீரைப் பார்த்துப் பயப்படும்படி நாம் ஓர் ஊரை வைத்திருக்கிறோம் என்றால், அதற்குக் கடவுள் முன்னிலையில் யார் பதில் சொல்வது? சகோதரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். முன்னால் பைக்கில் போய்த் தங்குமிடம் பார்க்கிறவர்கள், இந்த முறை பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வழியாகப் போகும் மற்றப் பங்கு யாத்திரிகருக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், நல்லது. பந்தலுக்குப் பக்கத்து வீட்டார் கழிப்பறைக் கதவையும் திறந்துவைத்தால், பந்தல் பெண்களுக்கும் பயன்படும்.

தாகத்தைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். நம் ஆண்டவர் பயணக் களைப்போடு யாக்கோபின் கிணற்றருகே நண்பகலில் உட்கார்ந்து, சமாரியப் பெண் ஒருத்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வேளாங்கண்ணி மரபும் அதையேதான் சொல்கிறது. நடுத்திட்டில் ஆலமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த கால் ஊனமுற்ற பையனிடம், தன் குழந்தைக்கு மோர் வேண்டும் என்று அன்னை கேட்டாள். கொடுத்த பையன் எழுந்து நடந்தான். நீங்கள் யாரைப் பார்க்க நடக்கிறீர்களோ, அவளே கேட்டு வாங்கியவள்.

கடைசியாக, யாத்திரைக்கு வர முடியாமல் வீட்டில் இருக்கிறவர்களை நினைக்கிறேன். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், இதயம் பலவீனமானவர்கள் நம் பங்கிலும் இருக்கிறீர்கள். மருத்துவர் உங்களுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் இதுவரை சொன்னது உங்களுக்கு அல்ல. உங்கள் அளவை மருத்துவரே சொல்லட்டும். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு ஐஸ்கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு இரவைக் கழிக்கிறீர்கள். சிலுவையில் நா வறண்டு, தாகத்தை வாய்விட்டுச் சொன்ன ஆண்டவருக்கு உங்கள் இரவு தெரியும். அன்னை தெரேசாவின் சகோதரிகள் தங்கள் சிற்றாலயம் ஒவ்வொன்றிலும் பாடுபட்ட சுரூபத்தின் பக்கத்தில் அந்தத் தாகச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் முதல் மன்றாட்டு உங்களுக்காக. எல்லாரும் எழுந்து நிற்போம்.