அட்டையின் பெறுமதி

சிறுபராயத்தில் கைவிட்ட பொழுதுபோக்கு ஒன்றை நடுவயதில் மீண்டும் கையிலெடுப்பவனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டைகளைச் சேர்க்கும் வழக்கத்துக்கு, குறிப்பாக 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில், வளர்ந்தவர்கள் பெருந்தொகையாகத் திரும்பினர். இதனைப் பிள்ளைத்தனம் என்று நகைப்போர் உளர். பூர்ஷ்வா உல்லாசம் என்று ஒதுக்குவோரும் உளர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வட்டை வியாபாரத்திலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிகரெட் பெட்டி நசுங்காதிருக்கச் செருகிய தடித்த அட்டையில் புகையிலைக் கம்பனிகள் ஆட்டக்காரரின் படங்களை அச்சிட்டன. பின்னர் அது சுயிங்கத்தோடு சேர்ந்து சிறுவரின் கைக்கு வந்தது. ரொப்ஸ் கம்பனி 1952இல் 407 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. சிறுவர் அவற்றைச் சுண்டி விளையாடினர். சைக்கிள் சக்கரக் கம்பிகளிடையே செருகி ஓசை எழுப்பினர். பின்புறத்துக் கணக்குகளை மனனஞ் செய்தனர். வியாபாரி விளம்பரமாகத் தந்ததை அவர்கள் தங்கள் உலகமாக மாற்றிக்கொண்டனர்.

திரும்பி வருபவன் இன்று காண்பது வேறு. அதே அட்டை பிளாஸ்ரிக் உறையில் அடைக்கப்பட்டு, ஒன்று முதல் பத்து வரை புள்ளியிடப்பட்டிருக்கிறது. 1952ஆம் ஆண்டின் மிக்கி மான்ரில் அட்டை ஒன்று 2022 ஓகஸ்டில் ஒரு கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. போலிகளைத் தடுக்க உறை உதவுகின்றது என்பது மெய்யே. ஆயினும், பழைய அட்டை எவ்வாறு அரிதாயிற்று? பிள்ளைகள் விளையாடித் தேய்த்தனர். தாய்மார் குப்பையில் எறிந்தனர். விலைபோகாத பெட்டிகளைக் கம்பனியே 1960இல் கடலிற் கொட்டியதாக அதன் அலுவலர் பின்னாளிற் கூறினார். நேசித்த கை பதித்த தேய்மானம் இன்று குறையாக எண்ணப்படுகின்றது; எவரும் தொடாதிருந்ததே சிறப்பாகிவிட்டது. 1980களின் இறுதியில் பலர் இதனை முதலீடென நம்பி அட்டைகளைத் தொடாமலே பூட்டிவைத்தனர். கம்பனிகளோ அளவின்றி அச்சிட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றை இன்று வாங்குவாரில்லை.

விலை மறைக்கும் இன்னொன்றும் உண்டு. 1960களில் தம் படத்தை அச்சிடும் உரிமைக்காக ஆட்டக்காரர் ரொப்ஸிடம் பெற்றது ஆண்டுக்கு 125 டொலர். 1966இல் அவர்களது சங்கத்தின் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர் அவர்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் படத்துக்கு நிற்க மறுத்தனர். 1968இல் தொகை 250 டொலராயிற்று. விற்பனையிலும் பங்கு கிடைத்தது. அட்டையிலுள்ள முகம் உழைப்பவனின் முகம் என்பதை அந்த ஒற்றுமையே கம்பனிக்கு உணர்த்தியது.

அவ்வாறாயின் அட்டை சேர்ப்பதே தவறா? ஜெபர்சன் பேர்டிக் என்பாரின் வாழ்க்கை வேறு விடை தருகின்றது. சிரக்கியூஸ் நகரில் மின்கருவிகளின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி அவர். மூட்டுவாதத்தால் வருந்திய உடலோடு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் திரட்டினார். பிறர் பயன்பெறப் பட்டியலும் வகுத்தார். அவை அனைத்தையும் நியூ யோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு அளித்து, தம் கையாலேயே ஏடுகளில் ஒட்டினார். 1963 சனவரியில் அப்பணி முடிந்தது. மார்ச்சில் அவர் மறைந்தார்.

எல்லோரும் பேர்டிக் ஆக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கடன்பட்ட தொழிலாளி ஒருவன் பழைய அட்டையை விற்று வாடகை கட்டினால் அவனைக் குறைகூற நமக்கு உரிமையுமில்லை. ஆனால், இழந்த இளமையை விலைகொடுத்து மீட்கலாம் என்று அவனுக்குச் சொல்லும் சந்தையை நாம் ஐயுறவே வேண்டும். அன்று அவனிடம் இருந்தது அட்டை மட்டுமன்று. அதை மாற்றிக்கொள்ள ஒரு தோழனும், கணக்குகளை ஒப்புவிக்க ஒரு தெருவும் இருந்தன. அவற்றை எந்த ஏலத்திலும் எடுக்க முடியாது. உறையைத் திறந்து, தன் பிள்ளையிடமோ அயலான் பிள்ளையிடமோ அந்த அட்டையைக் கொடுத்து, அதிலுள்ள மனிதனின் கதையைச் சொல்பவனே உண்மையில் அதனிடம் திரும்பியவன். அந்தக் கையில் அட்டையின் மூலை மழுங்கும், விலையும் குறையும். அந்த இழப்பை ஏற்க அவன் துணிவானா என்பதே அவன்முன் உள்ள கேள்வி.